விமானம் ஓட்டிப் பழக ஒரு கணினி: நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

ஆலங்குளம், சுரண்டை, கடையம், தென்காசி என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் கணினியில் விமானம் ஓட்டிப் பழக ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசை. ஆனால் என்ன கணினி வாங்குவது என்று தேடினால் யூடியூபில் லட்ச ரூபாய்ப் பெட்டிகளைத்தான் காட்டுகிறார்கள். இங்கே பல வீடுகளில் அந்தப் பணம் அம்மா பீடி சுற்றிச் சேர்த்தது, அல்லது அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிச் சம்பாதித்தது. அதில் ஒரு ரூபாய்கூட வீணாகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. கணினி வாங்கும் முன் பறந்து பாருங்கள்.

ஜியோஎஃப்எஸ் என்று ஒன்று இருக்கிறது. பிரவுசரிலேயே ஓடும், காசு இல்லை. நண்பன் வீட்டிலோ கல்லூரி ஆய்வகத்திலோ நெட் இருக்கும் கணினியில் சில மாலைகள் அதில் ஓட்டிப் பாருங்கள். தரையிறங்கத் தெரியாமல் பத்து முறை மோதிய பிறகும் பதினோராவது முறை உட்காரத் தோன்றினால் கணினி வாங்கலாம். இரண்டாம் நாளே சலித்துவிட்டால் வீட்டில் பணம் கேட்காதீர்கள்.

2. எந்த விளையாட்டு என்று முடிவு செய்த பிறகே எந்தக் கணினி என்று யோசியுங்கள்.

பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, அதில் எது ஓடும் என்று கேட்கிறார்கள். உங்கள் முன்னால் இருப்பவை மூன்று.

ஃபிளைட்கியர்: முழுக்க இலவசம். உலகம் முழுவதும் ஆர்வலர்கள் 1990-களிலிருந்து கூடி எழுதிவரும் மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். பழைய கணினியும் தாங்கும். காட்சி அத்தனை அழகாக இருக்காது. ஆனால் அதில் இருக்கும் செஸ்னா 172 விமானத்தை ஒழுங்காக ஓட்டத் தெரிந்தால் மற்ற எதிலும் ஓட்டிவிடலாம்.

எக்ஸ்-பிளேன் 12: 2022-இல் வந்தது. விமானத்தின் இறக்கைமேல் காற்று எப்படித் தள்ளுகிறது என்பதைத் துண்டு துண்டாகக் கணக்கிட்டு ஓட்டும் மென்பொருள். குறைந்தபட்சம் இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசசர் அல்லது ரைசன், 8 ஜிபி ரேம், 2 ஜிபி நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டு கேட்கிறார்கள். குறைந்தபட்சம் என்பது திறக்கும் அளவுதான். நிம்மதியாக ஓட 16 ஜிபி ரேமும் 4 ஜிபி கார்டும் வேண்டும். இலவச டெமோ தருகிறார்கள். அதைப் போட்டு ஓட்டிப் பார்க்காமல் காசு கட்டாதீர்கள்.

மைக்ரோசாப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்: 2020 ஆகஸ்டில் ஒன்று, 2024 நவம்பரில் இன்னொன்று. 2020-க்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம், வட்டில் 150 ஜிபி இடம். 2024-க்குக் குறைந்தபட்சமே 16 ஜிபி ரேம்; பரிந்துரைப்பது 32. இதன் உலகம் நெட் வழியாக வந்துகொண்டே இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு என் தீர்ப்பு இது: ஃபிளைட்கியரில் தொடங்குங்கள், எக்ஸ்-பிளேன் 12 ஓடும் அளவுக்குக் கணினி வாங்குங்கள், மைக்ரோசாப்ட் 2024-ஐச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

3. பணத்தை முதலில் பிராசசரில் போடுங்கள்.

துப்பாக்கி விளையாட்டுகளுக்குக் கிராபிக்ஸ் கார்டு முக்கியம். விமான விளையாட்டு அப்படியல்ல. காற்று, எஞ்சின், கருவிகள், சுற்றியுள்ள போக்குவரத்து எல்லாவற்றின் கணக்கும் பெரும்பாலும் ஒரே வரிசையில், ஒரு கோரின்மேல் விழுகிறது. கல்யாண வீட்டில் பந்தி பரிமாற எத்தனை பேர் நின்றாலும் தவசிப்பிள்ளை சோற்றை வடித்துக் கொடுத்தால்தான் பந்தி நகரும். அந்த ஒரு கோரின் வேகம்தான் இங்கே தவசிப்பிள்ளை. அதனால் "எட்டு கோர், பதினாறு கோர்" என்ற பேச்சில் மயங்காதீர்கள். ஒற்றைக் கோரின் வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். மைக்ரோசாப்ட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடைத் திறந்து பார்த்தால், படம் எதனால் தடைபடுகிறது என்று அதுவே எழுதிக் காட்டும். நடுத்தரக் கணினிகளில் பெரும்பாலும் மெயின் த்ரெட், அதாவது அந்த ஒரு கோரின் வேலை, என்றுதான் வரும்.

4. ஐ7 என்ற ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

கோட்டுக்குப் பின் வரும் எண்ணைப் படியுங்கள். ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-இல் வந்தது. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது. இந்த ஐ3 அந்த ஐ7-ஐ எளிதாக முந்தும். கடையில் ஐ7 என்று சொல்லி விலை ஏற்றுவது இந்த எண்ணைப் படிக்கத் தெரியாதவர்களிடம்தான்.

இப்போது இன்னொரு விஷயம் நடந்துகொண்டிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே முறைப்படி ஏறாது. அதனால் கம்பெனிகள் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளைக் கட்டுக்கட்டாகக் கழித்துவிடுகின்றன. ஐ5-6500, ஐ5-7500 போட்ட பெட்டிகள் மலிவாகக் கிடைப்பது இதனால்தான். ஃபிளைட்கியர் மட்டும் போதும், லினக்ஸ் போட்டுக்கொள்வேன் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் எட்டாம் தலைமுறையைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு கோர் உள்ள ஐ5-8500 போட்ட அலுவலகப் பெட்டி இந்த ஆசைக்கு நல்ல அடித்தளம்.

எண்ணின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அந்தப் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு போடாமல் திரையில் ஒன்றும் வராது.

5. ரேம் 16 ஜிபி, இரண்டு குச்சியாக.

ஒரே 16-ஐவிட இரண்டு 8 மேல். இரண்டு வழியாகத் தரவு ஓடும். தனிக் கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரின் சொந்தக் கிராபிக்ஸை நம்புகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அது ரேமையே தன் நினைவகமாகவும் எடுத்துக்கொள்ளும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகம் முழுவதும் கடுமையாக ஏறியிருக்கிறது. ஆகவே பழைய பெட்டி வாங்கும்போது ரேம் உள்ளேயே இருப்பதாகப் பார்த்து வாங்குவது லாபம். 8 ஜிபி-யில் வாங்கிவிட்டுப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இப்போது கைகொடுக்காது.

6. கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் பெட்டியை அளந்து பாருங்கள்.

பிள்ளைகள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் என்று கம்பெனியிலிருந்து வரும் பெட்டிகள் மூன்று அளவில் இருக்கும். புத்தகம் மாதிரி உள்ளங்கையில் அடங்குவது ஒன்று. அதில் கார்டே போட முடியாது. ஒல்லியாக இருப்பது இன்னொன்று. அதற்குப் பாதி உயரக் கார்டு மட்டுமே நுழையும், அந்த வகை கிடைப்பதும் அரிது, விலையும் கூடுதல். மூன்றாவது டவர். கொஞ்சம் இடத்தை அடைத்தாலும் டவரையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பவர் சப்ளை. மூடியைக் கழற்றினால் அதன் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 240 வாட், 260 வாட் என்று போட்டிருந்தால், தனி மின் ஒயர் கேட்காத கார்டு மட்டுமே அதற்குப் பொருந்தும். அந்த வகையில் ஜிடிஎக்ஸ் 1650 நல்ல தேர்வு: 4 ஜிபி நினைவகம், 75 வாட்டுக்குள் வேலை முடியும். அதிலும் சில மாடல்களில் தனி ஒயர் கேட்கும் முனை இருக்கிறது, பார்த்து வாங்குங்கள். ஆர்எக்ஸ் 580 அதைவிடச் சக்தி வாய்ந்தது, பழைய சந்தையில் மலிவு. ஆனால் 185 வாட் இழுக்கும், அலுவலகப் பெட்டி தாங்காது. பவர் சப்ளையை மாற்றிக்கொள்ளலாம் என்றால், டெல் பெட்டிகள் பலவற்றில் வெளிச்சந்தை பவர் சப்ளையின் முனை நேராகப் பொருந்தாது. தவிர, ஆர்எக்ஸ் 580 கார்டுகள் பல கிரிப்டோ நாணயம் தோண்ட இரவும் பகலும் ஓடித் தேய்ந்தவை.

போலிக் கார்டுகளும் உலவுகின்றன. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் காட்டும், உள்ளே பத்தாண்டுக்கும் முந்தைய சிப் இருக்கும். ஜிபியு-இசட் என்ற சிறிய இலவச மென்பொருளைத் திறந்தால் போதும், அந்த வகைப் போலியைப் பெயருக்கு முன்னாலேயே போலி என்று எழுதிக் காட்டிவிடும்.

கையில் 20,000 ரூபாய்தான் என்றால் இப்போதைக்குக் கார்டே வேண்டாம். டவர், 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, பழைய 22 அங்குல மானிட்டர் ஆகியவற்றோடு நிறுத்துங்கள். ஃபிளைட்கியர் பிராசசரின் சொந்தக் கிராபிக்ஸிலேயே ஓடும். கார்டு அடுத்த தீபாவளிக்கு வரட்டும்.

7. ஹார்ட் டிஸ்க் மட்டும் இருக்கும் கணினியை வாங்காதீர்கள். 500 ஜிபி எஸ்எஸ்டி வேண்டும். நிலப்பரப்பு வட்டிலிருந்துதான் ஏறுகிறது. பழைய டிஸ்க் என்றால் குற்றாலத்தைத் தாண்டிய பிறகுதான் குற்றாலம் தெரியும்.

8. மடிக்கணினி பற்றி.

கல்லூரி மாணவர்களுக்கு அரசு இப்போது கொடுக்கும் மடிக்கணினியில் ஐ3 அல்லது ரைசன் 3 பிராசசர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருக்கின்றன. அது கையில் இருப்பவர்கள் வேறு எதையும் வாங்க அவசரப்பட வேண்டாம். ஃபிளைட்கியர் அதில் ஓடும். மைக்ரோசாப்ட் 2020-ஐ அதில் ஏற்றப் பார்க்காதீர்கள். பாதிக்கு மேல் இடத்தைத் தின்றுவிட்டுப் படிப்புக்கு இடமில்லாமல் செய்யும். முதன்மையாக அது உங்கள் படிப்புக்கு வந்தது.

சொந்தப் பணத்தில் வாங்குவதானால், அதே விலைக்கு மேசைக் கணினி எப்போதும் அதிக வேகம் தரும். சாதாரண மடிக்கணினியில் பின்னால் கார்டு சேர்க்க முடியாது. சித்திரை வெயிலில், ஓட்டு வீட்டில், அதன் சின்ன விசிறி திணறும். சூடேறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

9. நெட்டைக் கணக்கில் சேருங்கள்.

மைக்ரோசாப்ட் 2024-க்குக் குறைந்தது 10 எம்பிபிஎஸ், பரிந்துரைப்பது 50. போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி அதை வாங்கினால் அன்றாட டேட்டா ஒரே பறத்தலில் தீர்ந்துவிடும். எக்ஸ்-பிளேனில் நிலப்பரப்பை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் பறக்கலாம். வீட்டில் ஃபைபர் இல்லாதவர்கள் எக்ஸ்-பிளேனைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

10. பழைய கணினி வாங்கப் போகும்போது ஒரு பென் டிரைவோடு போங்கள்.

திருநெல்வேலிக் கடைகளில் வாங்கினாலும் சரி, சென்னை ரிச்சி தெரு வரை போனாலும் சரி, கடைக்காரர் சுத்தமாகத் துடைத்து வைத்த பெட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பென் டிரைவில் சிபியு-இசட், ஜிபியு-இசட், கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மூன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் இலவசம்.

கணினி ஏறியதும் முதலில் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் முந்தைய தேதி காட்டினால் மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அது சில்லறைச் செலவுதான், ஆனால் பெட்டி நீண்ட நாள் சும்மா கிடந்தது என்று தெரிகிறது. பிறகு டாஸ்க் மேனேஜரில் மெமரியைச் சொடுக்குங்கள். எத்தனை ரேம் இடங்கள், எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று அங்கேயே போட்டிருக்கும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் எஸ்எஸ்டி-யின் ஆரோக்கியம் சதவீதத்திலும், எத்தனை மணி நேரம் ஓடியது என்பது எண்ணிலும் வரும். புது எஸ்எஸ்டி என்று சொல்லிவிட்டு அங்கே இருபதாயிரம் மணி நேரம் காட்டினால் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, கனமான ஏதாவது ஒன்றை இருபது நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். பிராசசர் வெப்பம் 95 டிகிரியைத் தொட்டால் உள்ளே பேஸ்ட் காய்ந்திருக்கிறது அல்லது விசிறி தூசியில் அடைத்திருக்கிறது. அவர்களையே சரிசெய்து தரச் சொல்லுங்கள். இருபது நிமிடம் ஓட்டிக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். பில்லும் எழுத்தில் வாரண்டியும் கட்டாயம் கேளுங்கள். பஸ்ஸில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கும் கடை, ஆயிரம் ரூபாய் கூடுதலாகச் சொன்னாலும் மேல்.

11. கரண்ட், காற்று, இடி.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கும் மேல்காற்றில் நம் ஊர்ப் புழுதி முழுக்க வீட்டுக்குள் வரும். கணினியைத் தரையில் வைக்காதீர்கள். ஜன்னலுக்கு நேராகவும் வேண்டாம். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு தட்ட வேண்டும்.

யுபிஎஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள். 600 விஏ என்று போட்டிருக்கும் சாதாரண யுபிஎஸ் உண்மையில் 360 வாட் அளவுதான் தாங்கும். அலுவலக டவரும் 1650 கார்டும் மானிட்டரும் அதில் அடங்கும். பெரிய கார்டு என்றால் 1 கேவிஏ தேவை. ஐப்பசி இடிமழையில் பிளக்கோடு நெட் கேபிளையும் உருவிவிடுங்கள். பலரும் பிளக்கை மட்டும் உருவுகிறார்கள், மின்னல் நெட் வயர் வழியாக வந்து போர்டைச் சாகடிக்கிறது.

12. நொடிக்கு 30 படம் போதும்.

நாம் ஓட்டுவது மெதுவாகத் திரும்பும் விமானம். அறுபது, நூறு என்று துரத்த வேண்டாம். ஆனால் 20-க்குக் கீழே விடாதீர்கள். அங்கே எக்ஸ்-பிளேன் காலத்தையே மெதுவாக்கிவிடும், உங்கள் கை தவறான வேகத்துக்குப் பழகிவிடும். திரை 1080பி போதும். 4கே திரையில் நான்கு மடங்கு புள்ளிகள். நம் கார்டு தாங்காது. படம் தடுமாறினால் முதலில் மேகத்தையும் மற்ற விமானங்களின் போக்குவரத்தையும் குறையுங்கள். நியூயார்க், லண்டன் மேலே பறந்தால் எந்தக் கணினியும் திணறும். நம் பக்கத்து வயலும் மலையும் கணினிக்கு லேசானவை. எளிய பெட்டிக்காரர்களுக்கு இது பெரிய வசதி.

13. ஜாய்ஸ்டிக்குக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

கீபோர்டில் விமானம் ஓட்டிப் பழகினால் கை கெட்டுப்போகும். லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ போன்ற ஒன்று போதும்: குச்சியைத் திருகினால் ரட்டர், அடியில் த்ராட்டில். பழையது வாங்கினால் அமைப்புத் திரையில் குச்சியை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். குறி குதித்துக் குதித்து நகர்ந்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது. அதற்கும் பணம் இல்லையென்றால் ஐநூறு, அறுநூறு ரூபாய் யுஎஸ்பி கேம்பேட் கீபோர்டைவிட எவ்வளவோ மேல். ஒளிரும் விளக்கு வைத்த கேபினட், ஒளிரும் கீபோர்டு எதுவும் வேண்டாம். அந்தப் பணம் ஜாய்ஸ்டிக்குக்குப் போகட்டும்.

14. திருட்டுப் பதிப்பு ஏற்றாதீர்கள். அதோடு வரும் வைரஸ் அக்காவின் ஆன்லைன் வங்கிக் கணக்கு வரை போகும். இலவசமாகவே ஃபிளைட்கியர் இருக்கிறது.

15. முதல் பயணம் நம் ஊர் மேலே.

தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில் இருக்கிறது, குறியீடு வி-ஓ-டி-கே. செஸ்னா 172-இல் 28-ஆம் எண் ஓடுபாதையிலிருந்து மேற்கே கிளம்புங்கள். ஏறக்குறைய அதே திசையில் நேராகப் போனால் திருநெல்வேலி இடப்பக்கம் விலகும், 33 கடல் மைல் தூரத்தில் ஆலங்குளம் வந்துவிடும். அதற்குள் 8,500 அடி ஏறிவிட வேண்டும். ஏனென்றால் முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. தெற்கே அகத்தியர்மலை மட்டும் 1,868 மீட்டர், அதாவது 6,100 அடிக்கு மேல். ஆலங்குளத்திலிருந்து இன்னும் 14 கடல் மைலில் குற்றாலம். பிறகு செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையைக் கடந்து தென்மேற்கே திரும்பினால் திருவனந்தபுரம், குறியீடு வி-ஓ-டி-வி.

நிஜ வானிலையைப் போட்டுக்கொண்டு ஆடி மாதத்தில் இதே வழியில் போய்ப் பாருங்கள். நம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேல்காற்று எதிரே அடித்து, தரையில் உங்கள் வேகத்தைக் குறைக்கும். காற்று வேகம், தரை வேகம் இரண்டும் வேறு என்பது அன்றைக்கு மனதில் பதியும்.

இன்னொன்று. வாகைக்குளம் ஓடுபாதை முன்பு 1,350 மீட்டர். ஏடிஆர் போன்ற சிறிய விமானங்கள் மட்டுமே வந்துபோயின. இப்போது 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. உங்கள் மென்பொருளில் பழைய நீளமே இருக்கலாம். செஸ்னாவுக்கு அதுவே தாராளம். ஏர்பஸ்ஸைக் கொண்டு இறக்கும் முன் எத்தனை மீட்டர் காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

16. தனியாகப் பறந்து பழகிய பிறகு வாட்சிமில் சேருங்கள்.

2001-இலிருந்து நடக்கும் இலவச வலையமைப்பு. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் கட்டுப்பாட்டாளராகவும் விமானியாகவும் பேசிப் பறக்கிறார்கள். ஒரு சாதாரண ஹெட்போன் மைக் போதும், கணினியை மாற்ற வேண்டாம். ஆங்கிலத்தில் பேசக் கூச்சப்படும் நம் பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சி. சொல்ல வேண்டிய வாக்கியங்கள் குறைவு, எல்லாம் வகுத்து வைத்தவை. எழுதி வைத்துக்கொண்டு படித்தாலே ஆரம்பத்துக்குப் போதும்.

17. நிஜ விமானியாக நினைப்பவர்களுக்கும் அவர்கள் பெற்றோருக்கும்.

வீட்டுக் கணினியில் பறந்த மணிகள் உரிமத்துக்குக் கணக்கில் வராது. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 18 வயதும், மருத்துவத் தகுதியும், 200 மணி நேரப் பறத்தலும், எழுத்துத் தேர்வுகளில் தேர்ச்சியும் வேண்டும். அந்தப் பயிற்சிக்குப் பல லட்சம் செலவாகும். வீட்டில் பழகியவனுக்குக் கருவிகளைப் படிக்கவும் வானொலியில் பேசவும் முன்கூட்டியே கைவந்திருக்கும் என்பதுதான் இந்தக் கணினியால் கிடைக்கும் பலன்; அது சின்னப் பலன் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்றுதான் இதுவரை கேட்டுவந்திருக்கிறார்கள். ஆகவே பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளே, பதினொன்றில் சேரும்போது அந்த இரண்டும் உள்ள பிரிவையே எடுங்கள்.